லிஃப்ட்காரர் வீட்டு மைக்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற லிஃப்ட்காரர் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் எங்கள் லிஃப்ட் நின்றுபோனது ஒரே ஒரு தடவைதான். அதுவும் அவர் வெளியூருக்கு வேலையாகப் போயிருந்த நாளில். பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் மாதம் இரண்டு முறை மூச்சு வாங்கப் படியேறுவதைப் பார்க்கும்போது எங்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருக்கும். அதற்குப் பதிலாக நாங்கள் அவருக்குச் செய்தது என்று ஒன்றுமில்லை. அவர் மனைவி இரண்டு பெட்டிகளோடும் எட்டு வயதுப் பெண்ணோடும் வீட்டை விட்டுப் போன அன்று கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனவர்கள் நாங்கள். கணவன் மனைவி விவகாரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நானும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. வீட்டில் இல்லாதவர், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். எங்காவது எவனாவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறினால் இவருக்குப் போன் வரும். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டுக் கிளம்புவார். பெண்ணின் பிறந்தநாளில் கிளம்பினார். மனைவி நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் கிடந்தபோதும் கிளம்பினார். "யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க" என்பார். "நானும்தான் மாட்டிக்கிட்டிருக்கேன்!" என்று மனைவி ஒரு நாள் போட்ட சத்தம் நாலாவது மாடியில் என் சமையலறை வரைக்கும் வந்தது.

விவாகரத்து ஆனது. அவள் வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். இந்த வருடம் ஒரு ஆண் குழந்தையும் பிறந்தது. நல்லா இருக்கட்டும், அவளை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவர் பட்டபாடு இருக்கிறதே, அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். காலம் போன பிறகு புத்தி வந்தது என்பார்களே, அப்படி வந்தது இவருக்கு. நேரம் காலம் இல்லாத அந்த வேலையை உதறிவிட்டு, ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் காலை எட்டு மணிக்குப் போனால் மாலை நாலு மணிக்குத் திரும்புகிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்தார். சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்தார். தானே மஞ்சள் பெயிண்ட் அடித்தார். கட்டில், மேஜை, புத்தகம் வைக்க ஒரு தட்டு என்று வாங்கிப் போட்டார். பிறகு நீதிமன்றத்துக்குப் போய், என் மகள் இனி என்னோடு இருக்கட்டும் என்று மனுப் போட்டார்.

பெண்ணுக்கு இப்போது பத்து வயது. யாரோடு இருக்க ஆசை என்று அவளைத்தான் கேட்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் அப்பாவும் மகளும் இரண்டு வருடமாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அதனால் முதலில் வீடியோவில் அரை மணி நேரம் பேசட்டும், குழந்தைகள் நல அலுவலர் கூடவே இருந்து கவனிக்கட்டும், பெண் என்ன சொல்கிறாளோ அதை வைத்து அவர் அறிக்கை எழுதட்டும் என்று உத்தரவானது. அந்த அறிக்கைதான் எல்லாம். கைப்பேசியில் பேசக் கூடாது, அறை தெரிகிற மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பேச வேண்டும் என்று உத்தரவில் ஒரு நிபந்தனை வேறு.

ஒரு டன் எடையைப் பத்தாவது மாடிக்கு அலுங்காமல் ஏற்றத் தெரிந்த மனிதருக்கு மவுஸை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. யாரோ கழித்துக் கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து மஞ்சள் அறையில் மகளுடைய மேஜை மேல் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் பயிற்சி மையம் ஒன்றில் முப்பத்தாறு கம்ப்யூட்டர்களுக்கு ஆயா. மாணவர்கள் குத்துவதையும் கிள்ளுவதையும் வாங்கிக்கொண்டு அவை அழும், நான் சமாதானப்படுத்துவேன். ஆனால் கூச்சம், கேட்கவில்லை.

முதல் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கட்டடமே அதிர்ந்தது.

"வாலு! அப்பா பேசுறேன்டா! கேக்குதா? வாலு!"

வாலு என்றால் அவர் மகள். கையும் காலும் ஒரு இடத்தில் நிற்காது என்பதால் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் அவளைக் கூப்பிட்டோம். ஐந்து நிமிடம் பொறுத்தேன், பத்து நிமிடம் பொறுத்தேன். யாராவது செத்துக்கித்துப் போய்விட்டார்களா என்று எதிர்வீட்டு அம்மா வந்து விசாரித்த பிறகு இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. திரையில் அந்தப் பெண்ணின் வாய் அசைந்துகொண்டிருந்தது. இவர் ஸ்பீக்கரைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவ என்னமோ சொல்றா. எனக்கு ஒன்னும் கேக்கல" என்றார். முகமெல்லாம் வேர்வை.

அதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கம்ப்யூட்டர் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மானிட்டரிலேயே சத்தம் வரும் என்று அதற்கு ஒரு நினைப்பு. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. திரை மூலையில் இருக்கிற ஸ்பீக்கர் சின்னத்தைத் தட்டி, பட்டியலில் மானிட்டரை விட்டு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குள் மணி மூன்றரை. திரையில் பெண்ணும் இல்லை, அலுவலரும் இல்லை.

"அவ்வளவுதானாக்கா? ரெண்டு தட்டு?"

"ரெண்டு தட்டுதான்."

"ரெண்டு தட்டு தெரியாததுக்கா என் பொண்ணு அரை மணி நேரம் வாய மட்டும் அசைச்சுட்டுப் போனா?"

நல்லவேளையாக அந்த அலுவலர் அம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. ஒலி சரியில்லாததால் பேச்சு நடக்கவில்லை என்று குறித்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தேதி கொடுத்தார்.

அந்த இரண்டாவது சனிக்கிழமை எங்கள் மையத்தில் தேர்வு. என்னால் நகர முடியாது. முந்தின நாளே போய் ஸ்பீக்கர், மைக், சத்த அளவு எல்லாம் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் தன் வேலைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். வயர் இறுக்கமாகச் சொருகியிருக்கிறதா, சத்தம் அணைந்திருக்கிறதா, எந்த ஸ்பீக்கர், எந்த மைக், எதற்கும் மசியவில்லை என்றால் அணைத்துப் போடு. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

மறுநாள் நாலு மணிக்கு நான் வீடு திரும்பும்போது என் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அவ பேசுறது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் பேசுறதுதான் அவளுக்கு நடுவுல நடுவுல கேக்கலையாம்."

முழுசாகச் செத்த மெஷினை எப்படியாவது எழுப்பிவிடலாம். நடுவில் நடுவில் சாகிற மெஷின்தான் ஆளைக் கொல்லும். நாம் பார்க்கும்போது யோக்கியமாக வேலை செய்யும், முதுகைத் திருப்பினால் கழுத்தறுக்கும். பெட்டியின் முன்பக்கத்து ஓட்டையில் மைக் வயர் கொஞ்சம் ஆடியது. அதைப் பிடுங்கிப் பின்பக்கத்தில் சொருகினேன். வேறொரு பேசும் செயலி தானாகத் திறந்துகொண்டு மைக்கைப் பிடித்து வைத்திருந்தது. அதையும் தூக்கினேன்.

"கண்டுபிடிச்சாச்சு. இனிமே ஒரு கோளாறும் வராது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட. அந்த வார்த்தையை நம்பித்தான் அந்த மனிதர் அடுத்த மூன்று வாரமும் தூங்கினார்.

மூன்றாவது தேதிக்கு வந்த கடிதத்தில் இதுவே கடைசி என்று இருந்தது. இதற்குப் பிறகு தேதி கொடுக்க அலுவலருக்கு அதிகாரமில்லை, பேச்சு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அறிக்கை போய்விடும். வேண்டுமானால் நீதிமன்றத்துக்கு எழுதி அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான்.

அன்றைக்கு அரை நாள் விடுப்புப் போட்டேன். மையத்திலிருந்து நல்ல ஹெட்செட் இரண்டைக் கடன் வாங்கி வந்தேன். ஒன்று கெட்டால் இன்னொன்று. மதியம் ஒரு மணியிலிருந்து சோதனை. என் வீட்டுக்காரர் நாலாவது மாடியில் மடிக்கணினி முன்னால், நான் இரண்டாவது மாடியில்.

"கேக்குதா?"

"கேக்குதுடி. நீ முணுமுணுத்துத் திட்டுறதும் சேர்த்து நல்லாவே கேக்குது."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, கையில் ஒரு தாளோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பேச வேண்டியதை எல்லாம் எழுதி வைத்திருந்தார். அறை, பெயிண்ட், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், நாலு மணிக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். கடைசி வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தார்.

"இதக் கேட்டே ஆகணும்க்கா. போன தடவ இதுக்குப் பதிலே வரல. அவ வாயால சொல்றதத்தான் அந்தம்மா எழுதுவாங்களாம். வர்றேன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அவ சொன்னாப் போதும், மிச்சத்த வக்கீல் பார்த்துக்குவாரு."

"சொல்லுவா தம்பி. முதல்ல தண்ணி குடிங்க."

மூன்று மணிக்குத் திரையில் இரண்டு கட்டங்கள் திறந்தன. ஒன்றில் அலுவலர், கண்ணாடி போட்ட, நிதானமான பெண்மணி. தான் குறுக்கே பேசப்போவதில்லை, நீங்கள் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு எழுதத் தயாரானார். இன்னொன்றில் வாலு. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மடியில் கொழுகொழுவென்று தம்பிப் பாப்பா. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவைக்கச் சொன்னதும் அலுவலர்தான். நான் கேமராவில் விழாமல் மேஜைக்குப் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு ஹெட்செட்டை நான் மாட்டிக்கொண்டேன்.

"வாலு, கேக்குதாடா?"

"கேக்குதுப்பா. சட்டை புதுசா?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் கண் கலங்கிவிட்டது, நான் வேறு பக்கம் பார்த்தேன். பள்ளிக்கூடம் பற்றிச் சொன்னாள். கணக்கு டீச்சர் நடக்கிற மாதிரி உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். பாப்பா அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. நான் கேமராவைத் திருப்பி மஞ்சள் சுவர், கட்டில், புத்தகத் தட்டு எல்லாவற்றையும் காட்டினேன். "அழகா இருக்குப்பா" என்றாள். எல்லாம் மணி அடித்த மாதிரி தெளிவாகக் கேட்டது. அவர் தாளின் கடைசி வரிக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மாடி, நீ இங்க வந்து அப்பாகூட இருக்கியா?"

"கேக்கலப்பா."

அவர் என் பக்கம் திரும்பிய வேகத்தில் ஹெட்செட் கழன்று விழுந்தது.

மணி மூன்று ஏழு. நான் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கிச் சொருகினேன். மைக் அளவைக் கூட்டினேன். "இப்பக் கேக்குதா?" என்றார். "கேக்குதுப்பா" என்றாள். மறுபடி கேட்டார், ஒவ்வொரு சொல்லாக, செவிடருக்குச் சொல்வது போல.

"இங்க. வந்து. அப்பாகூட. இருக்கியா?"

"கேக்கலப்பா. கட்டாகுது."

"அக்கா!"

"இருங்க தம்பி, ஊரைக் கூட்டாதீங்க." ஹெட்செட்டை மாற்றினேன். பட்டியலில் புது மைக்கைத் தேர்ந்தெடுத்தேன். மறுபடி கேக்குது, மறுபடி கேக்கல. வேறு வழியில்லாமல் பேச்சை விட்டு வெளியே வந்து கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். அந்தப் பாழாய்ப்போன பழைய பெட்டி எழுந்து கண் விழிக்க நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் அவர் சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார். "இதுக்கு மேல எனக்கு நாள் கிடையாதுக்கா. நாள் கிடையாது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரையைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன். உள்ளே போனபோது மூன்று பதினாறு.

"வந்துட்டீங்களாப்பா?" என்றாள் வாலு. சத்தம் துல்லியம்.

"வந்துட்டேன்டா. இப்ப சரியாயிருச்சு. நான் கேட்டது..."

"கேக்கலப்பா."

அவர் மேஜையில் ஓங்கி அறைந்தார். அங்கே தம்பிப் பாப்பா வீறிட்டு அழுதது. வாலு அவனைத் தோளில் போட்டுத் தட்டினாள். அவள் உதடு பிதுங்கியிருந்தது. நான் பொறுக்க முடியாமல் அவர் வாயருகே இருந்த மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"மேடம், மன்னிக்கணும். நான் மேல் மாடியில இருக்கேன், மெஷின் பார்க்க வந்தேன். உங்களுக்கு இவர் பேசுறது கேக்குதுங்களா?"

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கேக்குதுங்க" என்றார். "முதல்லேருந்தே நல்லா கேக்குது."

அப்படியானால் கோளாறு பெண்ணின் பக்கம் என்று லிஃப்ட்காரர் குதித்தார். "வாலு, உன் பக்கம் பாருடா, வயரு லூசா இருக்கும், பாருடா!" அவள் குனிந்து எதையோ தொட்டாள். தொட்டது போல் செய்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. காதில் விழாதவள் என்ன சொல்வாள்? "என்னப்பா?" என்பாள், "திரும்பச் சொல்லுங்க" என்பாள். அவர் பேசி முடித்தாரா, இன்னும் பேசுகிறாரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. இவளோ அவர் வாயை மூடிய மறு நொடி, ஒரு நொடி முன்னே பின்னே இல்லாமல், கேக்கல என்கிறாள்.

பத்து வயதுப் பெண். வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லத் தெரியவில்லை. வருகிறேன் என்று சொல்லவும் மனமில்லை. மடியில் இருக்கிற குழந்தையை விட்டு எங்கே வருவாள்? முதல் தடவை நிஜமாகவே சத்தம் இல்லாமல் போனதில் அவளுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது, பாவம், அதைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அவர் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. மேஜைக்கு அடியில் குனிந்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. தூசியும் வயரும். சும்மா ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் இந்த மனிதர் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் மிச்சமிருக்கிற பத்து நிமிடமும் அந்தக் குழந்தையைப் போட்டு வதைப்பார். நான் அழ ஆரம்பித்திருந்தேன்.

"கிடைச்சுதாக்கா? என்னன்னு தெரிஞ்சுதா? கால்ல வேணா விழறேன், எதையாவது பண்ணுங்க."

அவர் குனிந்து பார்த்தார். என் கையில் இருந்த வயரைப் பார்த்தார். அது மேஜை விளக்கின் வயர். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெளிய வாங்கக்கா" என்றார். குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "ஒரு லிஃப்ட்டு அப்பப்ப நிக்குதுன்னு சொன்னா நாங்க மோட்டார முதல்ல பிரிக்க மாட்டோம். ஒவ்வொரு மாடிக்கா அனுப்பிப் பார்ப்போம். எல்லா மாடிக்கும் போயி, ஒரே ஒரு மாடிக்கு மட்டும் போகலைன்னா மோட்டார் மேல தப்பில்ல."

நாற்காலியை நேராகப் போட்டு உட்கார்ந்தார். ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டார்.

"வாலு, சாப்டியாடா?"

"சாப்ட்டேன்ப்பா."

"முடி எப்ப வெட்டுன?"

"போன வாரம். அம்மா வெட்டுனாங்க."

"ராத்திரி தம்பிப் பாப்பா உன்கூடத்தான் தூங்குறானா?"

"ஆமாப்பா. நான் இல்லன்னா தூங்கவே மாட்டான்." இதைச் சொல்லும்போது அவளுக்குத் தன்னை மறந்து ஒரு பெருமை வந்தது.

அவர் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அதே குரலில் கேட்டார்.

"அப்பாகூட வந்து இருக்கியாம்மா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். இந்த முறை அவளுக்கு உடனே வரவில்லை. பாப்பாவின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்.

"கேக்கலப்பா."

நான் அவர் கையைப் பார்த்தேன். தாளை மெதுவாக நாலாக மடித்துக்கொண்டிருந்தது. கத்துவார் என்று பயந்தேன். எழுந்து போய்விடுவார் என்றும் பயந்தேன். ஊரில் மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் வெளியே எடுத்த மனிதர், தன் மகள் மாட்டிக்கொண்டு நிற்பதைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆமாடா" என்றார். "இந்த மைக்கு அப்படித்தான். பழைய மைக்கு. சில சமயம் பிடிக்காது. உன் மேல தப்பு இல்ல. அப்பா அத இனிமே கேக்கல, விடு."

வாலு தலையை நிமிர்த்தினாள்.

"தம்பிப் பாப்பாவுக்குப் பல்லு வந்துருச்சா?"

"ரெண்டு வந்துருச்சுப்பா!" கண்ணில் தண்ணீரோடு பாப்பாவின் வாயைப் பிளந்து கேமராவில் காட்டினாள். "தெரியுதா? கீழ பாருங்க. கடிப்பான் தெரியுமா, பயங்கரமா கடிப்பான்." கையில் கடித்த தடத்தைக் காட்டினாள். இவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, அடேயப்பா என்றார். மீதி ஐந்து நிமிடம் அப்படியே போனது. ஒரு சொல் விடுபடவில்லை.

மூன்று இருபத்தெட்டுக்கு அலுவலர் குறுக்கே பேசினார். அவர் குரலும் பழைய குரலாக இல்லை.

"சார், ஒலிப் பிரச்சினையால முக்கியமான கேள்விக்குப் பதில் வாங்க முடியலைன்னு நான் எழுதலாம். அப்படி எழுதினா நீங்க நீதிமன்றத்துல இன்னொரு தேதி கேக்க இடம் இருக்கு. எழுதட்டுமா?"

வாலு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எழுதச் சொல்லுங்கள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. இன்னொரு தேதி கிடைத்தால் இன்னும் ஒரு மாதம் அவர் நம்பிக்கொண்டிருக்கலாமே.

"வேணாம் மேடம்" என்றார் லிஃப்ட்காரர். "நல்லாத்தான் கேட்டுச்சு. ரெண்டு பக்கமும் நல்லாக் கேட்டுச்சு. அப்படியே எழுதிக்குங்க."

"அப்பா" என்றாள் வாலு. அழுதுவிட்டாள்.

"அழாதடா. பாப்பா பயப்படுவான் பாரு."

அறிக்கையில் என்ன வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் மகளும் மாதம் இரண்டு முறை இப்படி வீடியோவில் பேசிக்கொள்ளலாம் என்றும், அதற்கு அலுவலர் யாரும் கூட இருக்க வேண்டியதில்லை என்றும் அந்த அம்மா சொன்னார். கட்டங்கள் இரண்டும் மூடின.

நான் அடக்க மாட்டாமல் அழுதேன். அவர் அழவில்லை. இரண்டு ஹெட்செட்டையும் கழற்றி, வயரைச் சிக்கில்லாமல் சுற்றி, என் பையில் வைத்தார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இத எடுத்துட்டுப் போயிருங்கக்கா, மையத்துல தேடுவாங்க. அடுத்த சனிக்கிழமைலேருந்து சும்மா பேசுறதுதான். நீங்க லீவு போட வேண்டாம், எனக்கே எல்லாம் போடத் தெரியும்" என்றார்.